ஏறி நின்று பாருங்கள்

மனிதனின் இடுப்பெலும்புக்கு விலை போட முடியாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். டாக்டர்களுக்கு வியாபாரம் தெரியாது. கறாரின் வலது இடுப்பெலும்பு போனது நானூற்றைம்பதுக்கு.

அந்த நாற்காலிக்கு அவர் சொன்ன விலை நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. வந்தவர் கேட்டது நாலாயிரத்து ஐந்நூறு. நடுவில் கிடந்த அந்த நானூற்றைம்பதைத் தாண்டத்தான் எழுபத்தொரு வயதில் அவர் நாற்காலி மேல் ஏறினார்.

கறார் என்பது தெரு வைத்த பெயர். பழைய மரச்சாமான் வாங்கி, பழுது பார்த்து, மெருகு போட்டு விற்கிற கடை அவருடையது. வாங்கும்போது பாதி விலையில் ஆரம்பிக்கிற அதே வாய், விற்கும்போது ஒரு காசு இறங்காது. கடை வாசலில் ஒரு பலகை தொங்கும்: "ஏறி நின்று பாருங்கள். அப்புறம் வாங்குங்கள்." ஏறத் தயங்குகிறவர்களுக்காகக் கறாரே ஏறுவார். முப்பத்தெட்டு வருஷமாக ஏறுகிறார். ஏறி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மற்றக் காலில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டுவார். "நான் எழுபத்தாறு கிலோ. நீங்க எவ்வளவு?" என்று மேலிருந்தபடியே கேட்பார். அதற்கப்புறம் பேரம் பேசினவர் இல்லை.

அன்றைக்கு வந்தவர் கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற ஆள். நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலைக்கு நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலி தேடி வந்திருந்தார். கறார் ஏறினார், காலைத் தூக்கினார், சுற்றினார். முக்கால் சுற்றில் "படக்" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி கறார் தரையில் கிடந்தார்.

நாற்காலி உடைந்துவிட்டது என்பதுதான் முதலில் தோன்றியது. வலி அதற்கு அப்புறம்தான் வந்தது. தன் கடை நாற்காலியிலிருந்து தானே விழுந்தான் என்று தெருவுக்குத் தெரிந்தால், வாசல் பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். நாற்காலியைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். வந்தவரின் செருப்புச் சத்தம் தடதடவென்று வாசலைத் தாண்டி ஓடியது. ஓடிவிட்டான், அதுவரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

"அந்தச் சனியனை எடுத்து உள்ள போடு," என்றார், சத்தம் கேட்டு ஓடிவந்த கடைத் தச்சரிடம். "விறகாக்கிடு. இனிமே அது என் கண்ணுல படக்கூடாது. அதைப் பத்தி யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, இந்தக் கடைல உனக்கு வேலை கிடையாது."

தச்சர் வாயைத் திறக்கிற ஆளே இல்லை. முப்பது வருஷமாக அந்தக் கடையில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு போஸ்ட் கார்டில் இடம் மிஞ்சும். தலையை ஆட்டிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார், திரும்பி வந்தார்.

"இப்ப என்னைப் பாத்ரூமுக்கு இழு."

தச்சர் முதலாளியின் இடுப்பைப் பார்த்தார்.

"இழுய்யா. நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். புரியுதா?"

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுக்கதவிலிருந்து குளியலறைக்கு எட்டடி. அந்த எட்டடிக்குள் கறார் தன் மூதாதையரில் எட்டுப் பேரைக் கூப்பிட்டார். மனைவி பால் வாங்கப் போயிருந்ததால் அது வேறு யார் காதிலும் விழவில்லை.

குளியலறைத் தரை சொட்டு ஈரமில்லாமல் பளபளவென்று காய்ந்து கிடந்தது.

"தண்ணியைத் திற."

தச்சர் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. யோசித்தார். கடைக்குப் போய்த் தன் குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து தரையில் கொஞ்சம் ஊற்றினார். சற்று விலகி நின்று, மெருகு போட்ட மேஜையைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மிச்சத்தை முதலாளியின் சட்டையில் தெளித்தார். எந்த வேலையையும் அரைகுறையாக விடமாட்டார்.

மனைவி பால் பாத்திரத்தோடு வந்து நின்றார். கணவரைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"என்னங்க ஆச்சு?"

"வழுக்கிடுச்சு."

மனைவி வேறெதுவும் கேட்கவில்லை. அதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டது. தச்சர் கூப்பிட்டிருப்பார் என்று மனைவி நினைத்தார். மனைவி கூப்பிட்டிருப்பார் என்று தச்சர் நினைத்தார். வாடகை எவ்வளவு என்று கறார் நினைத்தார்.

மறுநாள் அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கு. விழறப்போ ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

சத்தம் என்றதும் கறாருக்கு உடைந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது. "சத்தமே இல்ல டாக்டர். ரொம்ப அமைதியா விழுந்தேன்."

"சரி. இடுப்பு மூட்டை மாத்தி வேற வெக்கப் போறோம். உலோகம்."

"எத்தனை வருஷம் வரும்?"

"தாராளமா இருபது வருஷம்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"அதெல்லாம் எழுதித் தர்றதில்லைங்க."

"நீங்க யாராவது அது மேல ஏறி நின்னு பாத்தீங்களா?"

டாக்டர் மயக்க மருந்துக்காரரைச் சீக்கிரம் வரச் சொன்னார்.

ஆறாம் நாள் கறார் புது இடுப்போடு வீட்டுக்கு வந்தார். கூடவே கட்டளைகளும் வந்தன. குனியக்கூடாது. கால்மேல் கால் போடக்கூடாது. தாழ்வான இடத்தில் உட்காரக்கூடாது. தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியது அவருடைய மகள். வங்கிக் கிளை ஒன்றில் மேலாளர். அப்பாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டுவிட்டு, கிளையையும் கையோடு கொண்டுவந்துவிட்டாள் என்று சொல்லும்படியாக விசாரணை நடத்தினாள்.

"எப்படிப்பா வழுக்கும்? தரை நல்லாத்தானே இருக்கு. அம்மா, நீ சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவிட்டுத் துடைக்காம விட்டுட்டியா?"

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்மா. வயசானவங்க இருக்கற வீடு. உன்னால இப்ப அப்பாவுக்கு இடுப்பே போச்சு."

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் வைக்கிற சத்தம் வந்தது. வழக்கத்தைவிட மெதுவாக வைத்தார். கறாருக்குத் தையல் போட்ட இடம் சுருக்கென்றது. முப்பத்தெட்டு வருஷ வியாபாரத்தில் ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் தலையில் எழுதியவர் இல்லை அவர். அன்று இரவு கஞ்சியைத் தொடாமல் யோசித்து, காலையில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அம்மா மேல தப்பில்ல," என்றார் மகளிடம். "குழாய் ஒழுகுது. அதுல நின்ன தண்ணிதான்."

அதோடு அது முடிந்துவிடும் என்று நினைத்தார். மகள் பத்து மணிக்கெல்லாம் பிளம்பரைக் கூட்டிவந்துவிட்டாள்.

பிளம்பர் குழாயைத் திருகினார், முடுக்கினார், காது வைத்துக் கேட்டார். "எங்கயும் ஒழுகல. சுவத்துக்குள்ளதான் இருக்கும்," என்று சுவரை இடித்தார். சுவருக்குள்ளும் ஒழுகவில்லை. தரைக்குக் கீழே இருக்கும் என்று இரண்டு டைல்ஸைப் பெயர்த்தார். உளி இறங்கிய இடத்தில் பெரிய குழாய் ஓடியது. அன்றைக்குத் தண்ணீர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

குளியலறை நிரம்பி, நடை நிரம்பி, தண்ணீர் நடுக்கதவுக்கு வந்தபோது, மகளைக் கூட்டிப்போக வந்திருந்த மாப்பிள்ளை ஓடி வந்தார். சுத்தமான உடை, பளபளக்கும் ஷூ. கறார் விழுந்ததாகச் சொன்ன அதே இடத்தில், அதே வலது பக்கமாக, அச்சு அசலாக விழுந்தார்.

கணுக்காலில் சவ்வு கிழிந்திருந்தது. ஆறு வாரம் கட்டு. அவருக்கும் ஒரு கட்டில் போட்டார்கள், கறார் கட்டிலுக்கு நேர் எதிரே. மாமாவும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

பிளம்பர் போகும்போது வாசலில் நின்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்: "நான் இடிக்கிறதுக்கு முன்னாடி இந்த வீட்ல ஒரு சொட்டுக்கூட ஒழுகலைங்க." ஆக, பழி மறுபடி சோப்புத் தண்ணீருக்கே வந்து சேர்ந்தது. இப்போது இரண்டு பேர் விழுந்த கணக்கு மனைவியின் பெயரில்.

"மாமா," என்றார் மாப்பிள்ளை எதிர்க் கட்டிலிலிருந்து, மறுநாளே. "இது ஆபத்தான வீடு."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு மாப்ள."

"நேத்து வரைக்கும் நான் விழல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் செல்போன் கடை வெக்க இடம் பாத்துக்கிட்டிருக்காரு. கடையையும் வீட்டையும் சேத்து வாடகைக்குக் கேக்கறாரு. நீங்களும் அத்தையும் எங்க ஃபிளாட்டுக்கு வந்துடுங்க. ஆறாவது மாடி. லிஃப்ட் இருக்கு. பாத்ரூம்ல மூணு கைப்பிடி."

மகளும் தலையாட்டினாள். கறாருக்கு அப்போதுதான் உறைத்தது. கடையைக் காப்பாற்றச் சொன்ன பொய், கடையைத் தூக்கிச் செல்போன்காரன் கையில் கொடுக்கப் போகிறது. பேரத்தில் இறங்கினார்.

"எனக்கு ஆறு மாசம் கொடு."

"ஒரு மாசம்," என்றாள் மகள். அவளும் அவர் வளர்த்தவள்தானே.

பேரம் மூன்று மாதத்தில் முடிந்தது, விழுந்த நாளிலிருந்து கணக்கு. அதற்குள் கையை எங்கேயும் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்து காட்ட வேண்டும். பார்த்துச் சொல்ல வேண்டியது பிசியோதெரபிப் பெண். செய்தால் கடை அவருடையது. செய்யாவிட்டால் ஆறாவது மாடி.

பிசியோ மறுநாளே வந்தாள். கட்டை குட்டையான, கலகலப்பான பெண். "உக்காந்து எழுந்திருக்கணும். வேளைக்குப் பதினஞ்சு, நாளைக்கு மூணு வேளை."

"அஞ்சு," என்றார் கறார்.

"பதினஞ்சு சார்."

"ஏழு. முதல் வியாபாரம், பாத்துச் சொல்லும்மா."

"இடுப்பு உங்களுது சார். எனக்கொண்ணும் நஷ்டமில்ல. சரி, பத்து. அதுக்குக் கீழ போனா நான் வேற வீட்டுக்குப் போறேன்." பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டாள். கடையை விட்டு இறங்குகிற மாதிரி நடித்து விலையை முடிக்கிற வித்தை அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை அவர்மீது யாரும் இதுவரை பிரயோகித்ததில்லை.

"பத்து," என்றார். கட்டில் விளிம்பிலிருந்தே எழுந்து காட்டச் சொன்னாள்; எண்ணிக்கையை அவரே சொன்னார்.

"உறுதியான நாற்காலி வேணும்," என்றாள் பிசியோ தச்சரிடம். "ஆடக்கூடாது. வழக்கத்தைவிட நாலு விரக்கடை உயரம். அப்புறம் எண்ணுறதுக்கு வேற ஆள் போடுங்க. இவரு எண்ணினா நாலுக்கு அடுத்து ஏழு வருது."

மாலையில் தச்சர் ஒரு வெள்ளை நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. கால்களில் மரக்கட்டை சேர்த்து உயர்த்தி, கீழே ரப்பர் மாட்டியிருந்தது. உட்காருமிடத்தில் கனத்த ரெக்சின்.

கறார் ஒரு நாற்காலியை எடை போட வேண்டுமென்றால் முதலில் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பார். மூட்டுகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதில்தான் அதன் ஜாதகம் இருக்கிறது என்பார். இப்போது குனியக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஆகவே மேலோட்டமாகப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஆஸ்பத்திரிச் சாமானா? எங்க வாங்கினே?"

தச்சர் தோளைக் குலுக்கினார்.

"பேக்கிங் பெட்டி மரம்யா இது. பெயின்ட் அடிச்சு ஏமாத்தறான். நம்ம கடைக்கு வந்தா ஆயிரத்துக்கு மேல தேறாது. வாசல்ல குடை வெக்கக்கூட வெச்சுக்க மாட்டேன்."

"உம்," என்றார் தச்சர். காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றார், எண்ணுவதற்கு.

முதல் வாரம் உலகத்தில் இருக்கிற வலியெல்லாம் அந்த நாற்காலியிலிருந்து கிளம்பியது. முன்னால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுவார், வேர்க்கும், தொப்பென்று உட்காருவார். பின்னால் பென்சில் கீறுகிற சத்தம் கேட்கும். "ஒண்ணு போட்டியா? ரெண்டாப் போடுய்யா, கஷ்டப்பட்டு எழுந்தேன்ல," என்பார். தச்சர் ஒன்றுதான் போடுவார்.

மனைவி பக்கத்தில் துண்டோடு நிற்பார். காலையில் காலுறை மாட்டிவிடுவது அவர். குனிய முடியாத கணவருக்கு நகம் வெட்டியது அவர். இரவில் நடுத் தலையணை நழுவினால் எடுத்து வைத்தது அவர். இதற்கு நடுவில், லீவு முடிந்து வங்கிக்குத் திரும்பிய மகள் போனில், "அம்மா, பாத்ரூம் துடைச்சியா?" என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை கேட்பாள். "துடைச்சேன்," என்பார். கறார் அந்த நேரத்தில் எல்லாம் கண்ணை மூடித் தூங்குவதாக நடிப்பார். வலியைப் பொறுத்துக்கொள்ள ஓரளவு பழகிவிட்டார். இந்த இடம் மட்டும் பழகவில்லை.

இது போதாதென்று சனிக்கிழமை வந்தது. கடைப் பக்கமிருந்து மெதுவான ஒரு குரல்.

"அந்த நாற்காலி விஷயமா வந்தேன். அன்னைக்கு நான் கூடவே இருந்தேனே."

கறார் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். சாட்சி வந்துவிட்டான். கடிகாரக்காரரைத் தன் மனதுக்குள் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நானூற்றைம்பது என்றுதான் நினைப்பார். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த தச்சர் அந்த மனிதரிடம் "இல்ல" என்று சொல்வதும், செருப்புச் சத்தம் போவதும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். எதிர்க் கட்டிலில் மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு, "யாரு மாமா அது, வாராவாரம்?" என்றார்.

"நேரம் கேட்டுட்டுப் போறாரு."

"கடிகாரக் கடைக்காரர் குரல் மாதிரி இருக்கே."

கறார் தச்சரைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார்: "அந்தத் தேக்கு முக்காலியைச் சும்மா கொடுத்தனுப்பு. காசு வாங்காதே. வாயை அடைக்கணும்."

முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தக் கடையிலிருந்து காசில்லாமல் வெளியே போன முதல் சாமான் அது. தச்சர் அதை இரண்டு தடவை துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

நானூற்றைம்பது யோக்கியமான ஆள். அதுதான் தொல்லையாகப் போயிற்று. மறுவாரம் முக்காலியைத் தோளில் சுமந்துகொண்டு வந்துவிட்டார். "இதுக்குக் காசு வாங்கிக்கங்க. இல்ல, திருப்பி எடுத்துக்கங்க. முதலாளியை நேர்ல பாத்துப் பேசணும்." தச்சர் "இல்ல" என்றார். மனிதர் முக்காலியைச் சுமந்துகொண்டே திரும்பிப் போனார். அதற்கடுத்த வாரமும் சுமந்துகொண்டு வந்தார். தெருவில் பார்த்தவர்களெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். வாயை அடைக்கக் கொடுத்த முக்காலி, தெருவெல்லாம் தோளில் ஏறி விளம்பரம் ஆனது.

ஆனால் ஒன்று. இத்தனை தலைவலிக்கு நடுவில் இடுப்பு மட்டும் அதன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் வாக்கரில் ஊன்றி எழுந்தவர், ஐந்தாம் வாரம் ஒரு கையை எடுத்தார். ஏழாம் வாரம் வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. ஒன்பதாம் வாரம் ஒரு காலையில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். நின்றது அவருக்கே தெரியவில்லை. மனைவிதான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போட்டியா?" என்றார் கறார் தச்சரிடம்.

பென்சில் கீறியது. ஒன்றுதான்.

கெடு முடிந்த நாளும் சனிக்கிழமையாகவே வந்து அமைந்தது. அறைக்குள் மகள், கட்டுப் பிரித்தும் இன்னும் லேசாக நொண்டுகிற மாப்பிள்ளை, அவர் சட்டைப் பையில் செல்போன் கடைக்காரரின் ஒப்பந்தத் தாள், பிசியோ, மனைவி, பென்சிலோடு தச்சர். கறார் வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

ஒன்று. இரண்டு. ஐந்து வரைக்கும் பேச்சே இல்லை. ஏழில் முழங்கால் லேசாக நடுங்கியது. மாப்பிள்ளையின் கை சட்டைப் பைக்குப் போனது. எட்டு. ஒன்பதில் கறார் பாதி எழுந்து அப்படியே நின்றார், கண் மனைவியைத் தேடியது. மனைவி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சும்மா தலையை அசைத்தார். எழுந்தார். பத்து.

"பாஸ்," என்றாள் பிசியோ. "பதினஞ்சுகூடப் போவாரு. நான் ஏமாந்துட்டேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரிப்பா. கடை உங்களுக்குத்தான். ஆனா ஒரே கண்டிஷன். இனிமே பாத்ரூம் கழுவ ஆள் வெச்சுக்கங்க. அம்மாவை அந்தப் பக்கம் விடாதீங்க. திரும்பியும் சோப்புத் தண்ணியை ஊத்தி வெச்சுட்டுப் போனாங்கன்னா..."

மனைவி குனிந்து, கணவரின் நழுவிய காலுறையை மேலே இழுத்துவிட்டார்.

அப்போது நடுக்கதவில் செருப்புச் சத்தம். முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு நானூற்றைம்பது வந்து நின்றார். "மன்னிக்கணும். இன்னிக்கு உள்ளயே வந்துட்டேன். ஐயா, அன்னைக்கு அந்த நாற்காலி..."

"நில்லுங்க," என்றார் கறார். இன்னொரு "இல்ல" சொல்லச் சொல்லி, இன்னொரு முக்காலி கொடுத்தனுப்பலாம். கடை கைக்கு வந்துவிட்டது. அவர் காலுறையைப் பார்த்தார், அதை இழுத்துவிட்ட கையைப் பார்த்தார்.

"நானே சொல்லிடறேன். நான் பாத்ரூம்ல விழல. கடைல, நாற்காலி மேல ஏறிச் சுத்திக் காட்டினேன். நாற்காலி உடைஞ்சு விழுந்தேன். கடைப் பேர் கெட்டுடும்னு தச்சரை இழுக்கச் சொல்லிப் பாத்ரூம்ல போய்ப் படுத்தேன். உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல. போதுமா? இனி பலகையைக் கழட்டிடுங்க. மாப்ள, தாளைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

"எனக்குத் தெரியும்," என்றார் மனைவி.

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் காலைலேர்ந்து குழாய்ல தண்ணியே வரல. நான் எதை ஊத்திக் கழுவறது?"

"அப்ப ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீங்களா இறங்கி வரட்டும்னு இருந்தேன். நாப்பத்திநாலு வருஷமா உங்களோட குடித்தனம் பண்றவ. எனக்கும் விலையைக் குறைக்காம நிக்கத் தெரியும்."

மகள் அம்மாவைப் பார்க்க முடியாமல் சுவரிலிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மெதுவாகத் தாளை வெளியே எடுத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் நானூற்றைம்பது. முக்காலியைக் கீழே வைத்தார். "எந்த நாற்காலி உடைஞ்சுது?"

"நீங்கதானே கூட இருந்தீங்க. படக்குனு கேட்டுச்சே."

"கேட்டுச்சு. நான் சத்தத்தை வெச்சே பொழைக்கிறவன். அது மரச் சத்தம் இல்லீங்க. நீங்க திரும்பினப்ப உங்க இடுப்புலேர்ந்து வந்துச்சு, அதுக்கப்புறம்தான் விழுந்தீங்க. நாற்காலி நின்ன இடத்துல அப்படியே நின்னுச்சு. நான் ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு வர்றேன், கடைல ஆளையும் காணோம் நாற்காலியையும் காணோம். அந்த உறுதியைப் பாத்துட்டு, நீங்க சொன்ன முழு விலைக்கே வாங்கிடலாம்னு பதினோரு சனிக்கிழமையா நடையா நடக்கிறேன்."

கறாரின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. அந்த நாற்காலி. நல்ல மரம், ஆடாத மூட்டு, பேர் கெடாத கடை. விறகாக்கச் சொன்னது அவர் வாய்தான். கைத்தடியை ஊன்றியபடி தச்சர் பக்கம் திரும்பினார்.

"எரிச்சுட்டியா?"

தச்சர் பென்சிலைக் காதில் செருகினார். தொண்டையைக் கனைத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"இப்பப் பேசலாமா முதலாளி?"

"பேசுய்யா."

தச்சர் குனிந்து, வெள்ளை நாற்காலியின் பின்காலில் வரிசையாக விழுந்திருந்த கோடுகளை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மனசு வரல, வெள்ளை அடிச்சு உங்களுக்கே போட்டேன், நாளைக்கு முப்பது, எண்பத்தோரு நாள், இன்னிக்குப் பத்து, ஆக ரெண்டாயிரத்து நானூத்து நாப்பது தடவை இது மேலதான் உக்காந்து எழுந்திருக்கீங்க, நாற்காலிக்குச் சேதம் ஒண்ணுமில்ல, முதலாளிக்குச் சேதம் ஒரு எலும்பு, பாக்கி கடிகாரக்காரர் தர வேண்டிய அந்த நானூத்தைம்பது."